செத்தது முன்னால், சிரிப்பது பின்னால்

முயலை அடித்தால் மட்டும் போதாது; அதோடு நிற்கத் தெரிய வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற சாலையிலும், தண்டராம்பட்டுப் பக்கமும், சாத்தனூர் காட்டோரத்திலும் இரவு முழுக்க நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அலையும் மாவீரர்களின் வசதிக்காக, அந்தக் கலையின் இலக்கணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். தொல்காப்பியர் எழுத மறந்த இயல் இது.

வெளிச்சம் கண்ணில் அடித்தால் முயல் ஓடாது. திகைத்து உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்திருக்கும் முயலைத் தடியால் ஒரு போடு போடுவதற்குத்தான் வேட்டை என்று பெயர். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சீட்டுப் பிடிக்க இதைவிட நூறு மடங்கு வீரம் வேண்டும். அந்த ஒரு போடு அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. படத்துக்குத்தான் அரை மணி நேரம் பிடிக்கிறது. முதலில் ரத்தத்தைத் துடைக்க வேண்டும். நாக்கு தொங்கினால் வாய்க்குள் தள்ள வேண்டும். முயலை முன்னால் கிடத்திவிட்டு மாவீரர் இரண்டடி பின்னால் தள்ளி முட்டி போட வேண்டும். கைப்பேசியைத் தரையோடு தரையாகப் பிடித்தால் இரண்டு கிலோ முயல் ஆட்டுக்கிடா ஆகிவிடும். நாலைந்து கிடைத்திருந்தால் கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டு மாதிரி, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க வேண்டும். அமெரிக்காவில் வேட்டை இதழ்கள் இதையெல்லாம் பாடமாகவே நடத்துகின்றன: ரத்தத்தைத் துடை, நாக்கை மறை, கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்து, பின்னாலிருந்து புன்னகை செய். நம் பிள்ளைகள் பாடம் படிக்காமலே தேறிவிட்டார்கள். நடுச்சாமத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளும் யோசனை மட்டும் நம்முடைய சொந்தச் சரக்கு.

"மச்சி, மூஞ்சி சரியாத் தெரியலடா."

"காதப் புடிச்சுத் தூக்கட்டுமா?"

"அது மூஞ்சி இல்லடா, என் மூஞ்சி!"

மொத்த இலக்கணமும் இந்த மூன்று வரியில் அடங்கிவிட்டது. படத்தில் உயிரோடு இருப்பவர்களில் எந்தப் பாவனையும் இல்லாமல் இருப்பது கூட வந்த வேட்டைநாய் ஒன்றுதான். அதற்கு ஓடிய களைப்பு. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறது.

விடிந்ததும் படம் ஸ்டேட்டஸில் ஏறும். கீழே ஒரு சிங்கம், ஒரு வாள், சாதிப் பெயர், அதற்குப் பின்னால் 'வம்சம்'. சினிமாவில் கதாநாயகன் கதவை உதைத்துத் திறக்கும்போது வரும் இசை. செத்துக் கிடப்பது முயல். அதுவும் உட்கார்ந்த முயல். அதற்கு இத்தனை மேளமா?

சைக்கிள் திருடியவன் சைக்கிளோடு நின்று படம் எடுத்துப் போடுவதில்லை. மணல் கடத்துகிறவன் லாரி எண் தெரிகிற மாதிரி ரீல்ஸ் விடுவதில்லை. குற்றம் நடந்த இடம், நேரம், ஆயுதம், கூட்டாளிகள், பிணம் ஆகிய ஐந்தையும் ஒரே படத்துக்குள் அடைத்து, இசையும் சேர்த்து, சொந்த எண்ணிலிருந்தே ஊருக்கு அனுப்பி வைப்பவன் வேட்டைக்காரன் ஒருவன்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டையில்லை. கண்ணி வைப்பது, கலைத்து விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, முயன்று தோற்பது எல்லாமே வேட்டைதான். உடும்பும் மயிலும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உடும்பை முறுக்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும் தம்பிகளுக்கு அந்த மாலையின் விலை தெரிந்த மாதிரி இல்லை.

"பன்னி பயிர அழிக்குது சார், அதான்" என்பார்கள். பன்றி பயிரை அழிக்கிறது, உண்மை. மல்லாட்டைக் கொல்லையை ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிட்டுப் போகும். அந்தக் கொல்லைக்காரரை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வரப்பில் குந்தியிருப்பார், கூலிங் கிளாஸ் இருக்காது. அவருடைய வலிக்குத்தான் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஒரு வழி அறிவித்தார்கள்: காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும் என்று. அது போதுமா போதாதா என்பது வேறு சண்டை. ஆனால் பயிரை இழந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு முயலையும் கவுதாரியையும் அடித்துச் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டத்துக்கு விவசாயி என்ற சொல்லை வாயில் எடுக்கவே யோக்கியதை கிடையாது.

அடுத்த சாக்கு இன்னும் பெரிது. "நாங்க கண்ணப்பன் பரம்பரை." கோயில் ஊராயிற்றே, சாக்கும் திருநீறு பூசிக்கொண்டுதான் வரும். கண்ணப்ப நாயனார் வேட்டுவர்தான், பன்றியை அடித்தவர்தான். அடித்ததைச் சுட்டு, பதம் பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிச் சாமிக்கு வைத்தார். சாமி கண்ணில் ரத்தம் வழிந்தபோது தன் கண்ணைப் பெயர்த்து அப்பினார். வேட்டுவ மரபில் அவருக்குக் கிடைத்த பெருமையெல்லாம் அவர் கொடுத்த கண்ணுக்காக; எடுத்த பன்றிக்காக அல்ல. இவர்கள் இதுவரை கொடுத்திருக்கும் ஒரே கண் கேமரா கண்.

பரம்பரை என்று பேச ஆரம்பித்தால் இந்த மாவட்டத்தில் எனக்கும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்திலிருந்து வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் அந்தக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் திரட்டி, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே போட்டது. வனவிலங்குச் சட்டம் வந்த அதே ஆண்டு. நம் ஊரில் வீரனைப் படம் பிடித்த முறை அதுதான். கல்லில் செதுக்கியிருப்பது யாரை? செத்தவனை. மாடு மீட்கப் போய் அம்பு பட்டு விழுந்தவனை. கொன்றவன் தன்னைத் தானே செதுக்கிக்கொண்டு நின்ற கல் அந்த வரிசையில் இல்லை. தருமபுரி, கொங்குப் பக்கத்துப் புலிகுத்திக் கல்லைப் பாருங்கள். புலி காலடியில் கிடக்காது. பின்னங்காலில் எழுந்து, வாயைத் திறந்துகொண்டு, மனிதனுக்குச் சமமான உயரத்தில் நேருக்கு நேராக நிற்கும். இரண்டு பேருமே உயிரோடு இருக்கும் கடைசி நொடி அது. அவனும் செத்தான் என்பதால்தான் அவனுக்குக் கல்.

நாய்க்கும் கல் வைத்த மாவட்டம் இது. தண்டராம்பட்டு வட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்ட கல்லில் அவனுடைய நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். எஜமான் விழுந்த பிறகும் கள்ளர் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கும் மரியாதை தெரிந்திருந்த மண்ணில், இன்றைக்கு ஸ்டேட்டஸில் நாயின் பெயர் இல்லை. சாதியின் பெயர் இருக்கிறது.

பழங்காலத்தை விடுங்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு நாய்க்கும் ஒரு காகத்துக்கும் வள்ளி என்ற ஒரு மானுக்கும் சமாதி உண்டு. மானுக்குச் சமாதி கட்டிய ஊர்! அதே ஊரின் மலையிலிருந்து கோடையில் தண்ணீருக்கு இறங்கும் புள்ளிமான்கள் கிரிவலப் பாதையிலும் அதைச் சுற்றியும் நாய் கடித்தும் வண்டி மோதியும் சாவது இன்றைக்கு உள்ளூர்ப் பக்கத்து வாடிக்கைச் செய்தி. அடிபட்டுக் கிடக்கும் மானைச் சுற்றி முதலில் வந்து சேர்வது கைப்பேசி. தண்ணீர் பாட்டில் அதற்கு அப்புறம்தான். நெற்றி நிறைய விபூதியோடு குனிந்து, சாகிற மானும் தானும் ஒரே படத்தில் வருகிற மாதிரி கோணம் பார்க்கிறவர்களுக்கும் நெற்றியில் விளக்குக் கட்டியவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனாவது தன் கையால் அடித்தான்.

இப்படி நிற்கிற பழக்கம் இந்த மண்ணில் முளைத்ததில்லை என்றால் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து இறங்கியது. 1902இல் வைஸ்ராய் கர்சன் ஹைதராபாத் நிஜாம் நாட்டில் புலி அடித்தார். அவரும் சீமாட்டியும் செத்த புலியோடு நிற்பதை லாலா தீன்தயாள் படம் எடுத்தார். இஸ்திரி கலையாத உடுப்பு, தொப்பி, கீழே புலி. 1911இல் டெல்லி தர்பாரை முடித்துக்கொண்டு ஐந்தாம் ஜார்ஜ் நேபாளத் தராய்க் காட்டுக்குப் போனார். பத்து நாளைக்குள் 39 புலி, 18 காண்டாமிருகம். யானைகளை வளையமாக நிறுத்தி, நடுவில் புலியை அடைத்து, மேலே அம்பாரியிலிருந்து சுடுவார்கள். எங்கள் ஊர் முயலாவது திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அந்தப் புலிக்கு ஓடவும் வழியில்லை.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அல்லது ஓரத்தில் யார் இல்லை என்று பாருங்கள். புலியைப் புதரிலிருந்து கலைத்துப் பரண் பக்கம் விரட்டியவர்கள் அந்தந்தக் காட்டோர ஊர்க்காரர்கள். கையில் தப்பும் தடியும், காலில் ஒன்றுமில்லை. துரை இருபதடி உயரத்தில் உட்கார்ந்திருந்தபோது புலி இருந்த புதருக்குள் நடந்து போனது அவர்கள்தான். படம் எடுக்கும் நேரத்தில் அவர்களை "ஓரமாப் போ" என்று விரட்டியிருப்பார்கள். புலிக்குப் பக்கத்தில் போனவனுக்குப் படத்தில் இடமில்லை. படத்தில் இருப்பவர் புலி செத்த பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

துரைகளைப் பார்த்து ராஜாக்கள் சூடு போட்டுக்கொண்டார்கள். சர்குஜா மகாராஜா கணக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புலிகள். பக்கத்துக் கொரியா சமஸ்தானத்து ராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் இந்தியா விடுதலை பெற்ற சமயத்தில் ஓர் இரவு வண்டியில் போகும்போது வெளிச்சத்தில் சிக்கிய மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். நம் நாட்டின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று சொல்லப்படுபவை அந்த மூன்றும்தான். கவனியுங்கள், அங்கேயும் விளக்கு வெளிச்சம்தான். மூன்றையும் கிடத்திப் பின்னால் நின்று படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழுக்குப் பெருமையாகச் செய்தி போனது. இதழின் ஆசிரியர்களுக்கு வயிற்றைப் பிரட்டியது. குப்பைக்கூடையில் போடத்தான் முதலில் நினைத்ததாக எழுதினார்கள். பிறகு, அந்தச் செயல் மீதான குற்றச்சாட்டாகவே அதை அச்சிட்டார்கள். 1952இல் சிவிங்கிப்புலி நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தாயிற்று. ஓர் இனத்தின் கடைசிப் படத்திலும் பின்னால் ஒருவர் நிற்கிறார்.

1961 ஜனவரியில் இங்கிலாந்து ராணியும் கணவர் பிலிப்பும் ஜெய்ப்பூருக்கு விருந்தாளியாக வந்தார்கள். பிலிப் ஒரு புலியைச் சுட்டார். மகாராஜா, மகாராணி, ராணி, பிலிப் எல்லாரும் நீட்டிக் கிடத்திய புலியோடு நின்ற படம் உலகமெல்லாம் போய் லண்டனிலேயே கண்டனம் கிளம்பியது. அதே ஆண்டில்தான் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியது. பிரிட்டன் கிளைக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? அதே பிலிப். பின்னால் 1981 முதல் பதினைந்து ஆண்டு உலகத் தலைவரும் அவரே. புலி அடித்தவருக்குப் புலி காக்கும் வேலை. நம் ஊர் முயல்காரத் தம்பிக்கு அந்த யோகம் அடிக்கப் போவதில்லை.

சுட்ட புலிகளெல்லாம் எங்கே போயின? நிறைய, மைசூருக்குப் போயின. வான் இங்கன் என்ற குடும்பம் அங்கே ஒரு தொழிற்சாலையே வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரும் பகுதி, ராஜாக்களும் துரைகளும் அனுப்பிய தோலைப் பதப்படுத்தி, உள்ளே அச்சு வைத்து, கண்ணாடிக் கண் பதித்து அனுப்பியது. புலியும் சிறுத்தையுமாக நாற்பதாயிரத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தின் கை வழியாகப் போனதாகச் சொல்கிறார்கள். அந்தப் புலித் தலைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பலவும் வாய் பிளந்து உறுமிக்கொண்டிருக்கும். தண்ணீர் குடிக்க வந்தபோது சுட்டிருப்பார்கள். கட்டிப்போட்ட எருமைக்கன்றைத் தின்னும்போது சுட்டிருப்பார்கள். செத்த பிறகு அதற்கு ஓர் உறுமலை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். சுட்டவருக்கு வீரம் வேண்டுமே!

இன்றைக்கு அந்தத் தலைகளும் படங்களும் பழைய அரண்மனை ஹோட்டல்களின் சுவரில் தொங்குகின்றன. கீழே பித்தளைத் தகடு, பெயர், தேதி. இரவு வாடகை கேட்டால் நமக்கு மயக்கம் வரும். அதற்குப் பெயர் பாரம்பரியம். இந்தி நடிகர் சல்மான் கான் 1998இல் ராஜஸ்தானில் கலைமான் வேட்டையாடிய வழக்கில் அவருக்கு இருபது ஆண்டு கழித்து, 2018 ஏப்ரலில், ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. இரண்டு இரவு சிறையில் இருந்தார். மூன்றாம் நாள் பிணையில் வெளியே வந்தார். வாசலில் பட்டாசு வெடித்தார்கள்.

இனி நம் ஊர்ப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்கு வாருங்கள். அங்கேயும் ஒரு வேட்டைப் படம் வரும். முயல், உடும்பு, நாட்டுத் துப்பாக்கி, கண்ணி எல்லாம் முன்னால் வரிசையாகக் கிடக்கும். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் தரையில் குந்தியிருப்பார்கள். ஒல்லி உடம்பு, லுங்கி, தலையைக் குனிந்தபடி. அவர்களுக்குப் பின்னால் சீருடையில் ஐந்தாறு பேர், மார்பை நிமிர்த்திக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு.

இந்தப் படத்தையும் கர்சன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அமைப்பு அப்படியே இருக்கிறது. முன்னால் இரை, பின்னால் வெற்றி பெற்றவர்கள். நேற்று இரவு முயலுக்குப் பின்னால் நின்றவன் இன்று காலை முயலோடு சேர்ந்து முன்னால் வந்துவிட்டான், அவ்வளவுதான் மாற்றம். சட்டத்தைக் காப்பாற்றும் படமும் சட்டத்தை மீறிய படமும் ஒரே அச்சில் வார்த்தவை. அவன் செய்தது குற்றம்தான், பிடித்தது நியாயம்தான். ஆனால் நீதிபதி முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவனை உடும்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் உட்காரவைத்துக் காட்சிக்கு வைப்பது எந்தப் பிரிவின் கீழ்? அந்த வரிசையில் ஓர் அரண்மனைக்காரரையோ ஒரு நடிகரையோ குந்தவைத்து எடுத்த படத்தை யாராவது எனக்குக் காட்டட்டும்.

நமக்கு இந்த அமைப்பு கண்ணுக்குப் பழகிவிட்டது, அதுதான் கேடு. கிரிவலப் பாதையில் அன்னதானப் படம் பாருங்கள். ஒரு தயிர்சாதப் பொட்டலம், அதைப் பிடித்தபடி ஏழு கைகள், ஏழு கைக்காரர்களும் பார்ப்பது கேமராவை. நடுவில் ஒரு சாமியார், பொட்டலத்தை இவர்கள் எப்போது விடுவார்கள் என்று காத்துக்கொண்டு. அவர் பசியும் இவர்களுக்கு ஒரு வேட்டைதான்.

முன்வரிசையில் கிடத்தப்படும் கதி முயலுக்கும் ஏழைக்கும் மட்டும் வந்ததில்லை. இந்த ஊர் ராஜாவுக்கே வந்தது. மூன்றாம் வள்ளாலன், ஹொய்சள மன்னன், திருவண்ணாமலையைத் தலைநகரமாக வைத்து ஆண்டவன். கோயிலில் வள்ளால கோபுரம் அவன் பெயர் சொல்லி நிற்கிறது. எண்பது வயதில் மதுரை சுல்தானோடு போருக்குப் போனான். 1342இல் பிடித்துக் கொன்றார்கள். தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். சில ஆண்டுக்குள் அந்த வழியாக வந்த இபன் பதூதா அதைத் தானே பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். மைசூர் தொழிற்சாலைக்கு ஐந்நூற்று ஐம்பது ஆண்டுக்கு முன்னாலேயே மதுரையில் அந்த வேலை தெரிந்திருக்கிறது. உடனே யாரும் சுல்தானின் மதத்தைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட வேண்டாம். சோழன் ஆதித்த கரிகாலன் கல்வெட்டில் தனக்குப் போட்டுக்கொண்ட பட்டம் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது. பத்தாம் நூற்றாண்டு ஸ்டேட்டஸ் அது. செத்தவனின் தலை இல்லாமல் நின்றவனுக்குப் பெயர் கிடையாது என்பதில் எல்லா ராஜாவும் ஒரே மதம்.

வள்ளாலனுக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தலபுராணம். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார். சுவரில் தொங்கிய உடம்புக்கு ஒரு மகன் வேண்டும் என்று இந்த ஊருக்குத் தோன்றியிருக்கிறது. அது பெரிய மனது.

அந்தப் பெரிய மனது 2015 ஏப்ரல் 7ஆம் தேதி எங்கே போயிற்று? அன்றைக்கு ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி இருபது பேரைச் சுட்டுக் கொன்றது ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. இருபது பேரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் சவ்வாது மலையிலிருந்தும் கண்ணமங்கலம், படவேடு பக்கத்து அடிவார ஊர்களிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். கல்லும் கத்தியும் கோடாரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து விசாரித்தது. குடும்பத்துக்கு ஐந்து லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது.

அன்றைய படங்கள் நினைவிருக்கிறதா? தரையில் உடல்கள். உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகள். ஒவ்வொருவரும் தன் குற்றத்தோடு சேர்ந்து கிடக்கிற மாதிரி. சில கட்டைகளில் ஏற்கெனவே பெயின்ட் அடித்த அடையாளம் இருந்ததைச் செய்தியாளர்கள் கவனித்து எழுதினார்கள். இப்போதுதான் வெட்டிய மரத்தில் பெயின்ட் எப்படி வரும்? புலிக்கு உறுமல் வைத்துத் தைத்த கை வேறு, இந்தக் கட்டைகளை வைத்த கை வேறா? அந்தப் படங்கள் அன்றிரவு நம் கைப்பேசிகளிலும் ஓடின. "செம்மரம் வெட்டப் போனா அப்படித்தான்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னவர்கள் ஆந்திராக்காரர்கள் இல்லை, நம் ஊர்க்காரர்கள். மரத்தை ஏற்றியவன், கப்பலில் அனுப்பியவன், சீனாவிலும் ஜப்பானிலும் வாங்கியவன், இவர்களில் ஒருவன் படத்தைக்கூட அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கி முனைக்கு வந்ததெல்லாம் புதருக்குள் நடந்து போனவன்தான். காட்டுக்குள் கூலிக்குப் போகிறவன் துரைகள் காலத்தில் படத்துக்கு வெளியே நின்றான், இன்றைக்குப் படத்தில் முன்வரிசையில் கிடக்கிறான். முன்னேற்றம்தான்.

வனத்துறைக்கும் காவல்துறைக்கும் ஒரு விண்ணப்பம். கைப்பற்றிய உடும்பைப் படம் எடுங்கள். துப்பாக்கியை எடுங்கள், கண்ணியை எடுங்கள், கட்டையை எடுங்கள். வழக்குக்கு வேண்டும். பிடிபட்டவனைக் குந்தவைத்துப் பின்னால் நீங்கள் நிமிர்ந்து நிற்கும் படத்தை எந்தச் சட்டமும் உங்களிடம் கேட்கவில்லை. அதை நிறுத்துங்கள். பத்திரிகைகளும் அதைப் போடாமல் இருக்கலாம்; மாவட்டப் பக்கத்தில் அந்த இடத்துக்கு ஏரி ஆக்கிரமிப்புச் செய்தி ஒன்று எப்போதும் காத்துக் கிடக்கிறது.

மாவீரத் தம்பிகளே, உங்களுக்கு விண்ணப்பம் இல்லை, தகவல்தான். நீங்கள் மகாராஜா இல்லை. உங்கள் படத்தை எந்த அரண்மனை ஹோட்டலும் மாட்டாது, எந்த நிதியமும் உங்களைத் தலைவராகக் கூப்பிடாது. ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் யாராவது ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார். அது போய்ச் சேரும் இடம் வனச்சரக அலுவலகம். அங்கே எடுக்கும் அடுத்த படத்தில் உங்களுக்கு முன்வரிசை, தரையில். உடும்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு.